சோறு கடைசியில், தண்ணீர் தனியாக

கேள்வி:

எனக்கு 39 வயது. தேனி மாவட்டம். உடல் எடைக்காக ஐந்து மாதத்துக்கு முன்பு, இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 108 கிலோ இருந்தேன், இப்போது 84. சர்க்கரை மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது, சாப்பாட்டைத் தவிர. நாலு வாய் சோறு போனதும் நெஞ்சில் அடைக்கிறது. எச்சில் நுரை நுரையாக வருகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வாந்தி எடுத்தால்தான் ஆசுவாசம். ஆனால் மிக்சர், முறுக்கு, ஐஸ்கிரீம் எதுவும் அடைப்பதில்லை. அதனால் பல நாள் சாயங்காலம் அதைத்தான் சாப்பிடுகிறேன், வீட்டில் யாருக்கும் தெரியாமல். முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. மூன்று வாரமாக எடை அசையவே இல்லை. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல் என்று வந்ததால் சத்து மாத்திரைகளை நிறுத்திவிட்டேன். "இதுக்குத்தான் இம்புட்டுச் செலவு பண்ணி வயித்த அறுத்தியா?" என்று அத்தை தினமும் கேட்கிறார். அடுத்த மாதம் நாத்தனார் மகள் கல்யாணம். பந்தியில் உட்காரவே பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசியில் கேட்க வேண்டியதை முதலில் கேட்டுவிடுகிறேன். வாந்தி எடுக்கும் நாட்களில் தண்ணீராவது நிற்கிறதா? மோர், பால், கஞ்சி இறங்குகிறதா? இறங்குகிறது என்றால் கீழே எழுதியிருப்பதை நிதானமாகப் படியுங்கள். திரவமே நிற்கவில்லை, அல்லது நாளாக நாளாக இன்னும் கம்மியாகத்தான் இறங்குகிறது என்றால் இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு ஆபரேஷன் செய்த மருத்துவரை உடனே பாருங்கள். ஸ்லீவ் செய்த சிலருக்கு இரைப்பை ஓரிடத்தில் இறுகியோ மடங்கியோ போவதுண்டு. எண்டோஸ்கோபி செய்து பார்த்தால் தெரிந்துவிடும், பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும். திரவம் இறங்கினாலும் வாரம் இரண்டு மூன்று வாந்தி என்பது ஐந்தாம் மாதத்தில் பழகிப்போக வேண்டிய விஷயமில்லை. அடுத்த ரிவ்யூ வரை காத்திருக்காமல் இந்த வாரமே போன் செய்து அவரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரு விவரம் எனக்குக் கொஞ்சம் தெம்பு கொடுக்கிறது: சோறு அடைக்கிறது, முறுக்கு அடைப்பதில்லை. கேட்டால் தலைகீழாக இருக்கும். மெத்தென்ற சோறு அடைக்குமாம், கடமுடாவென்ற முறுக்கு அடைக்காதாம். ஆனால் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பலரும் சொல்வது இதுதான். முறுக்கைக் கடித்து நொறுக்கித்தான் ஆக வேண்டும். எச்சிலில் ஊறித் தூளாகி வழுக்கிக்கொண்டு போய்விடும். ஐஸ்கிரீம் உருகித் திரவமாகிவிடும். சோற்றையோ நாம் மெல்லுவதே இல்லை. சாம்பார் ஊற்றிப் பிசைந்து, உருட்டி, வாயில் போட்டு, ஒருமுறை புரட்டி விழுங்குகிறோம். ரசஞ்சோறு என்றால் அந்தப் புரட்டலும் கிடையாது. பல்லுக்கு வேலையே வைக்காத சாப்பாடு நம்முடையது. பெரிய இரைப்பை இருந்தவரை அது பொறுத்துக்கொண்டது.

இப்போது இருப்பது அந்த இரைப்பை இல்லை. ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழ வடிவத்துக் குழாய். ஆரம்பத்தில் அதன் கொள்ளளவு 100 முதல் 150 மில்லி வரைதான். அளவு குறைந்தது மட்டுமல்ல. சாப்பாடு வந்து விழும்போது பலூனாக விரிந்து இடம் கொடுக்கும் மேல்பகுதிதான் முக்கியமாகப் போய்விடுகிறது. ஆகவே மெல்லாத உருண்டை ஒன்று இறங்கினால் ஒதுங்க இடமில்லாமல் வாசலிலேயே நின்றுவிடும். அதன்மேல் அடுத்த வாய், அதன்மேல் ஒரு மடக்குத் தண்ணீர். உடம்பு அதைத் தள்ளுவதற்காக எச்சிலைச் சுரந்துகொண்டே இருக்கும். நுரை வருவது அதனால்தான்.

உணவு ஆலோசனைக்காக என் அறைக்கு வருகிறவர்களிடம் மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துவந்து என் எதிரிலேயே சாப்பிடச் சொல்வேன். கூச்சப்படுவார்கள், ஆனால் பத்து நிமிடத்தில் பாதி விஷயம் தெரிந்துவிடும். பெரும்பாலானவர்கள் முதல் வாயை நன்றாக மெல்லுவார்கள். இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவது வாயில் பேச்சு வந்துவிடும், பேச்சோடு பழைய வேகமும் வந்துவிடும். முதல் வாய் இன்னும் உள்ளே இறங்கி முடிந்திருக்காது, நாலாவது போய்ச் சேர்ந்திருக்கும். நீங்கள் நாலு வாயில் அடைக்கிறது என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே முதல் மாற்றம் வேகத்தில். சின்ன ஸ்பூன் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பூன் வாயில் போட்டதும் ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட வேண்டும். வாயில் இருப்பது கூழாகும்வரை மெல்லுங்கள். இருபது முறையோ முப்பது முறையோ, எண்ண வேண்டாம், நாக்குக்குத் தெரியும். விழுங்கிய பிறகு அரை நிமிடம் சும்மா இருங்கள். பிறகு அடுத்தது. ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம் போதும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டால் அது வேறு வம்பு, அளவு தெரியாமல் போய்விடும். கையால் சாப்பிடுவதுதான் பிடிக்கும் என்றால் சாப்பிடுங்கள், மூன்று விரல் நுனியில் எடுக்கும் அளவுதான் ஒரு வாய். டிவிக்கு முன்னால் வேண்டாம். போதும் என்பதற்கு உடம்பு சின்னதாக ஓர் அடையாளம் காட்டும். சிலருக்கு விக்கல், சிலருக்குத் தும்மல், சிலருக்கு மூக்கில் நீர், சிலருக்கு நெஞ்சுக்குழியில் லேசான இறுக்கம். உங்களுக்கு எது என்று ஒரு வாரம் கவனித்தால் தெரிந்துவிடும். அது வந்த பிறகு எடுக்கும் அந்த ஒரு வாய்தான் வாந்தியாகிறது.

தண்ணீர். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு நிறுத்திவிடுங்கள், சாப்பிட்டு அரை மணி கழித்துத் தொடங்குங்கள். இடையில் சொட்டுக்கூட வேண்டாம். அடைக்கும்போது தண்ணீர் குடித்துத் தள்ளலாம் என்று கை தானாகச் சொம்புக்குப் போகும். அப்போதுதான் கண்டிப்பாகக் கூடாது. எழுந்து நடங்கள், தோளைத் தளர்த்துங்கள், அது தானாக இறங்கட்டும். இன்னொன்று, இதை எந்த டயட் சார்ட்டிலும் போடமாட்டார்கள்: நம்மூரில் வாய் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்கும் பழக்கம். அப்படிக் குடித்தால் ஒரே மடக்கில் நிறைய இறங்கும், கூடவே காற்றும் போகும். இரண்டுமே இப்போது உங்களுக்கு வலி. உங்களுக்கென்று ஒரு டம்ளர் வைத்துக்கொண்டு வாய் வைத்து உறிஞ்சிக் குடியுங்கள். நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போக வேண்டும், அதுவும் உங்கள் ஊர் சித்திரை வெயிலுக்கு இரண்டுக்குக் குறையக்கூடாது. நாள் முழுக்க வாய் வாயாகக் குடித்தால்தான் அது முடியும். சோடா, கலர் எல்லாம் வேண்டாம். உப்புப் போட்ட நீர்மோர் தாராளமாக.

இரண்டாவது மாற்றம் வரிசையில். இதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்வேன். நம் வீட்டில் தட்டு வைத்தால் நடுவில் சோறு மலையாக, ஓரத்தில் தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி காய், அசைவ நாளில் இரண்டு துண்டு மீன். உங்களுக்கு இப்போது ஒரு வேளைக்குக் கொள்வது முக்கால் கப்பிலிருந்து ஒரு கப் வரைதான் இருக்கும். சோற்றில் ஆரம்பித்தால் நாலாவது வாயில் இடம் முடிந்துவிடும். முட்டையும் மீனும் பருப்பும் தட்டிலேயே நிற்கும். ஆகவே ஓரத்தில் இருப்பதை முதலில் சாப்பிடுங்கள். முதலில் மீன் அல்லது முட்டை அல்லது பனீர். அடுத்து கூட்டு, காய். அதற்குமேல் இடமிருந்தால் இரண்டு ஸ்பூன் சோறு, குழம்பு மேலாகப் பட்டதும் படாததுமாக. இடமில்லையா, சோறு இல்லாமல் எழுந்துவிடுங்கள். சோறு சாப்பிடாத வேளை பட்டினி கிடந்த வேளை இல்லை.

குழைய வடித்தால் இறங்கும் என்று வீட்டில் குழைய வடித்துக் கொடுப்பார்கள். முதல் ஒன்றிரண்டு மாதக் கஞ்சிப் பருவத்துக்கு அது சரி. இப்போது பலருக்குப் பிசுபிசுவென்று குழைந்த சோறுதான் அதிகமாக அடைக்கிறது, ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகிவிடுவதால். பூப்போல வடித்து, குறைவாக எடுத்து, மென்று தின்றால் இறங்கும். மெத்தென்ற பிரெட், தடித்த சப்பாத்தி, ஆறிப்போன தோசை மூன்றும் இதே ஜாதி. பரோட்டாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

எவ்வளவு புரதம் வேண்டும்? நாளுக்கு 60 கிராமாவது. சிலருக்கு 80 வரை தேவைப்படும். உங்கள் ஊர்ச் சமையலிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். ஆம்லெட் காய்ந்துபோய் அடைத்தால் கலக்கியாகச் செய்துகொள்ளுங்கள், பரோட்டாக் கடையில் உருப்படியாகக் கிடைப்பது அது ஒன்றுதான். பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் பால், 6 கிராம். மதியம் குழம்பில் வெந்த மீன் சுமார் 60 கிராம், அதில் 12. வைகை அணை ஜிலேபி மீன் கிடைத்தால் நல்லது, முள்ளை மட்டும் பார்த்து எடுங்கள். ஒரு சின்னக் கரண்டி கீரைப் பருப்புக் கூட்டு, 4. சாயங்காலம் அரைக் கப் சுண்டல், 6 அல்லது 7. ராத்திரி 50 கிராம் பனீர், 9. படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இன்னும் கொஞ்சம் பால், 5. கூட்டினால் 55-ஐத் தாண்டாது. இவ்வளவு கவனமாகச் சாப்பிட்டும் 60-ஐத் தொடுவது கஷ்டம் என்பதால்தான் பல மருத்துவமனைகளில் முதல் வருடம் புரதப் பவுடர் எழுதித் தருகிறார்கள். உங்களுக்கும் தந்திருப்பார்கள். ஒரு அளவைக் கரண்டியில் 20 கிராமுக்கு மேல் வரும், பாலிலோ மோரிலோ கலக்கலாம். வாசனை குமட்டினால் பருப்புத் தண்ணீரிலும் கலக்கலாம், வாசனை சேர்க்காத பவுடராக இருந்தால். கடையில் விற்கும் மால்ட் பானப் பவுடர்களைப் புரதம் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். டப்பாவின் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் பாதிக்கு மேல் மாவும் சர்க்கரையும்தான்.

ஆட்டுக்கறி துண்டாக வேண்டாம், நார் நாராகப் போய்ச் சிக்கும். கொத்துக்கறியாக அடித்துக் குழைய வேகவைத்தால் சாப்பிடலாம். கோழியிலும் நெஞ்சுப் பகுதியைவிடத் தொடைப் பகுதி மெத்தென்று இருக்கும். சைவம் மட்டும் சாப்பிடும் நாட்களுக்கு: தயிரை வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்து எடுத்தால் அதே கிண்ணத்தில் புரதம் கூடும். மீல்மேக்கர் உலர்ந்த நிலையில் 20 கிராம் எடுத்தால் 10 கிராம் புரதம். ஊறவைத்துப் பிழிந்து, மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றி, கொத்துக்கறி தாளிக்கும் மசாலாவில் தாளியுங்கள். இட்லி மெத்தென்று இறங்கும், அடைக்காது. ஆனால் ஒரு இட்லியில் 2 கிராம்தான். அதனால் இட்லி தின்ற வயிற்றில் முட்டைக்கு இடமில்லை என்று ஆகக்கூடாது.

இனி நீங்கள் யாருக்கும் தெரியாமல் சாப்பிடும் சாயங்காலத்துக்கு வருவோம். இதை எழுதியதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நேரில் வருகிறவர்கள் இதை ஆறு மாதம் கழித்துத்தான் சொல்வார்கள், எடை ஏற ஆரம்பித்த பிறகு. மிக்சரும் ஐஸ்கிரீமும் இறங்குகிறது என்பதே அவற்றின் ஆபத்து. எவ்வளவு சாப்பிட்டாலும் நிறுத்தச் சொல்லி உள்ளேயிருந்து குரல் வராது. இரைப்பையைச் சிறிதாக்கியது அந்தக் குரலுக்காகத்தான். அதை ஏமாற்றிப் போகும் பண்டம் ஒவ்வொன்றும் ஆபரேஷனைச் சுற்றிப் போகும் குறுக்குவழி.

இன்னொரு கணக்கும் உண்டு. வெட்டி எடுத்த அந்த மேல்பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இந்த மாதங்களில் பழைய பசி இல்லை. இந்த அமைதி எப்போதும் இதே அளவில் இருக்காது. ஒன்று, ஒன்றரை வருடத்தில் பலருக்குப் பசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது, இரைப்பையும் சற்று இடம் கொடுக்கத் தொடங்குகிறது. அதற்குள் எந்தப் பழக்கம் ஊன்றியதோ அதுதான் பிறகும் நிற்கும். சுண்டல் ஊன்றுமா மிக்சர் ஊன்றுமா என்பது இப்போது நடக்கிறது.

இதற்காக உங்களைத் திட்டப்போவதில்லை. மதியம் அடைத்து, வாந்தி எடுத்து, ஒன்றும் நிற்காமல், ஐந்து மணிக்குக் கண் இருட்டும்போது கைக்கு எது வழுக்கிக்கொண்டு வருகிறதோ அதைத்தான் மனுஷி சாப்பிடுவாள். மதியச் சாப்பாடு சரியானால் சாயங்காலத்தில் பாதி தானாகச் சரியாகும். மீதிப் பாதிக்கு, நாலரை மணிக்கே சுண்டலோ பொட்டுக்கடலையோ எடுத்துவைத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள், அடுப்படியில் நின்றபடி அல்ல. மிக்சர் டப்பா பிள்ளைகளுக்காக வீட்டில் இருந்தே தீரும் என்றால் மேல்தட்டுக்குப் போகட்டும். ஆசையாக இருக்கும் நாளில் முறுக்கு ஒன்றை எடுத்து எல்லோருக்கும் நடுவில் சாப்பிடுங்கள். ஒளிந்து தின்னும்போதுதான் ஒன்று நாலாகிறது.

ஐஸ்கிரீம், பாயசம், கருப்பட்டிக் காப்பி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று. சாப்பிட்ட அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைந்து பேதி, அல்லது ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துக் கை நடுங்கி மயக்கம் வந்தால் அதற்கு டம்பிங் என்று பெயர். இரைப்பை பைபாஸ் என்ற இன்னொரு வகை எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களுக்கு அதிகம் வரும், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வராமல் இல்லை. இனிப்பு வேகமாகச் சிறுகுடலில் போய் விழுவதுதான் காரணம். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை, தேன், கருப்பட்டி போட்டுக்கொள்ளலாமா என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். குடலுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

மாத்திரையை நிறுத்தியது தவறு. இன்றைக்கே திரும்பத் தொடங்குங்கள், எதை எந்த அளவில் என்பதை உங்கள் மருத்துவமனையில் கேட்டு. ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததே மாத்திரை சாப்பிட்டதால்தான். அதோடு பி12 கல்லீரலில் சேமிப்பாக இருக்கும். கையிருப்பு கரைய மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். கரைந்த பிறகு தெரிவது ரத்தச்சோகை, பாதத்தில் மதமதப்பு, மறதி. பி12-ஐ உடம்பு எடுத்துக்கொள்ள இரைப்பை சுரக்கும் ஒரு பொருள் வேண்டும், இரும்பும் கால்சியமும் கரைய அமிலம் வேண்டும். இரண்டும் இப்போது உங்களிடம் குறைவு. ஆகவே கீரையும் முருங்கையும் எவ்வளவு சாப்பிட்டாலும் மாத்திரைக்கு ஈடாகாது. மாதவிடாய் இருக்கும் வயதில் இரும்பு நாளுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் வரை தேவைப்படும். கால்சியம் உணவும் மாத்திரையுமாக 1,200 முதல் 1,500 மில்லிகிராம். மாத்திரையில் சிட்ரேட் வகையாகக் கேளுங்கள், அது அமிலம் இல்லாமலும் சேரும். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள், நடுவில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். இரும்பு மாத்திரையைப் பாலோடும் காபி டீயோடும் விழுங்குவது காசைச் சாக்கடையில் போடுவதுதான். ஆயுளுக்கும் மாத்திரையா என்றால், ஆமாம்.

இதிலேயே அவசரமான விஷயம் ஒன்று, வீட்டாரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. பி1, அதாவது தயமின், உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குமேல் தங்காது. தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு அது சீக்கிரம் தீர்ந்துவிடும். நடை தள்ளாடுவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, பேச்சில் குழப்பம், கால் மரத்துப்போவது இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. உள்ளூர் கிளினிக்கில் களைப்புக்கு டிரிப்ஸ் ஏற்றப் போனால், "எடை குறைப்பு ஆபரேஷன் செய்திருக்கிறது, வாந்தி இருக்கிறது, குளுக்கோஸுக்கு முன்னால் பி1 போட வேண்டுமா பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தயமின் இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படக்கூடும். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் வகை மாத்திரைகளும் வேண்டாம், புண் உண்டாக்கும். பாராசிட்டமால் போதவில்லை என்றால் டாக்டரைக் கேளுங்கள். வேகமாக எடை குறைகிறவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரலாம்; சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே வலித்து முதுகுக்குப் போனால் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்து எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அதன் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். குழந்தை யோசனை இருந்தால் ஆபரேஷனிலிருந்து ஒன்றரை வருடமாவது தள்ளிப்போடுங்கள்.

முடி பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று சொன்னால் கேட்கமாட்டீர்கள், சீப்பில் வருவது உங்கள் முடி. ஆனால் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொட்டுவது எதிர்பார்த்ததுதான். ஆபரேஷனும் வேகமான எடைக்குறைவும் சேர்ந்து முடிகளை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடுகின்றன. வேர் செத்துப்போவதில்லை, புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் சில மாதங்களில் முளைத்துவரும். எந்த எண்ணெயும் இதை நிறுத்தாது. பயோட்டின் மாத்திரைக்குத் தனியாகச் செலவழிப்பதற்கு அந்தக் காசில் முட்டை வாங்கலாம். ஒரு வருடம் ஆகியும் கொட்டினால் ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

எடை மூன்று வாரமாக நிற்பதும் அப்படித்தான். எடை நேர்கோட்டில் இறங்காது, இறங்கும், நிற்கும், பிறகு இறங்கும். வாரம் ஒருமுறைக்கு மேல் மெஷினில் ஏறாதீர்கள். பழைய ஜாக்கெட் எத்தனை பிடி பிடித்துத் தைக்க வேண்டியிருக்கிறது என்பது அதைவிட நல்ல கணக்கு. உங்கள் விஷயத்தில் சாயங்காலப் பண்டங்களுக்கும் இதில் பங்குண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. நடையோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது பத்து முறை, ஆரம்பத்துக்கு அது போதும்.

அத்தைக்கு வருவோம். அவர் கேட்பதில் இருப்பது பாதி பயம் என்று எனக்குப் படுகிறது. தட்டு நிறையச் சோறு போட்டுத்தான் அன்பைக் காட்டிப் பழகியவர், மருமகள் நாலு வாயில் எழுந்து போய் வாந்தி எடுப்பதைப் பார்க்கிறார். அவர் கண்ணுக்கு நீங்கள் நோயாளி. விளக்கம் சொல்லிப் புரியவைப்பதைவிட ஒரு வேலையை ஒப்படைத்துவிடுங்கள்: "அத்தை, டாக்டர் எனக்கு மீனும் பருப்பும்தான் முக்கியம்னு சொல்றாரு, நீங்க வைக்கிற கூட்டு மாதிரி எனக்கு வராது." கரண்டி அவர் கையிலேயே இருக்கட்டும், கரண்டியில் என்ன வருகிறது என்பதை மட்டும் மாற்றுங்கள். முடிந்தால் அடுத்த ரிவ்யூவுக்கு அவரையும் கூட்டிப்போங்கள். நீங்கள் சொன்னால் எதிர்வாதம், அதையே வெள்ளைக்கோட்டுப் போட்டவர் சொன்னால் வைத்தியம்.

கல்யாணத்துக்குப் போங்கள். நாத்தனார் மகள் கல்யாணத்தில் மொய்யை எழுதிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினால் அது பத்து வருடத்துக்குப் பேச்சாகிவிடும், பந்தியில் உட்காருவதே சுலபம். காலையில் வீட்டிலேயே முட்டையோ புரதப் பவுடரோ முடித்துவிட்டுக் கிளம்புங்கள், பசியோடு இலைக்கு முன்னால் உட்காரக்கூடாது. விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். இலையில் கூட்டு, பொரியல், பருப்பு மட்டும் வாங்கி மெதுவாகச் சாப்பிடுங்கள். சோறு வரும்போது இலைமேல் கையை வைத்து மறித்து ஒரு கரண்டி என்று சொல்லுங்கள். பரிமாறுகிறவர் எப்படியும் இரண்டு போடுவார். போட்டால் போட்டதுதான், இலையை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள். சோற்றை வீணாக்கக்கூடாது என்றுதான் நம்மை வளர்த்திருக்கிறார்கள், அதற்காக மண்டபத்தில் வாந்தி எடுக்கத் தேவையில்லை. பாயசம் ஒரு ஸ்பூன் நாக்கில் பட்டால் போதும்.

"என்னடி, பாதியாப் போயிட்ட, சுகரா?" என்று நாலு பேராவது கேட்பார்கள். "வயித்துல ஒரு ஆபரேஷன், கொஞ்சங்கொஞ்சமாத்தான் சாப்பிடச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை எந்த ஊர் என்று பேச்சைத் திருப்பிவிடுங்கள். அதற்குமேல் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம், வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு உடல் எடை அதிகம். கேட்கிறவர்களிலேயே ஒருத்தி சாயங்காலம் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு ஆச்சு என்று விசாரிப்பார், பாருங்கள்.

விரதம் இந்த வருடம் வேண்டாம். ஒரு நாள் முழுக்க வெறும் வயிறு என்றால் புரதமும் தண்ணீரும் இரண்டுமே தவறிவிடும், ராத்திரி விரதம் முடிக்கும்போது பழைய வேகமும் வந்துவிடும். வெள்ளிக்கிழமை அசைவம் இல்லை, வெங்காயம் பூண்டு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பால், துணியில் கட்டிய தயிர், பனீர், சுண்டல் எல்லாம் அதற்குள் அடங்கும். கோயிலிலும் சுண்டல்தானே தருகிறார்கள். ஒரு வருடம் முடிந்து, ரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்து, வாந்தியும் நின்றிருந்தால் அப்போது மருத்துவரைக் கேட்டு அரை நாள் விரதம் பற்றி யோசிக்கலாம், தண்ணீரை மட்டும் எந்த நாளும் விடாமல்.